மேசைக்கு வந்த துப்பாக்கி: எவ்வளவு நிஜம் போதும்?

"நெஞ்சில் குண்டு பாய்ந்துவிட்டது என்று இப்போதுதானே சொன்னீர்கள்? அப்புறம் எப்படி அவன் ஓடி வருகிறான்?"

டேபிள்டாப் ஆர்பிஜி விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், கதையில் முதல் துப்பாக்கி வெடித்ததும் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஏழெட்டு வாள்வெட்டு வாங்கியும் நின்று சண்டை போடும் வீரனைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. அந்த மாதிரி வீரர்களைப் பாட்டி சொன்ன கதையிலிருந்தே பார்த்து வருகிறோம். துப்பாக்கி நம் காலத்துப் பொருள். ஒரு தோட்டா மனித உடலை என்ன செய்யும் என்று செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் துப்பாக்கிக்கு விதி எழுதுவது வாளுக்கு எழுதுவதைவிடக் கடினமான வேலை.

விளையாட்டைப் பற்றி முதலில் இரண்டு வரி. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். கதையின் உலகம், எதிரிகள், வழிப்போக்கர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உதைத்துத் திறக்கிறேன்" என்று வாயால் சொல்வதுதான் ஆட்டம். திறக்குமா திறக்காதா என்று உறுதியாகத் தெரியாதபோது பகடை உருட்டுவார்கள். ஆறு முகப் பகடை மட்டுமல்ல. நாலு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகப் பகடைகளும் உண்டு. எதை உருட்டுவது, எவ்வளவு விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்வது விதி.

ஒவ்வொரு விதிக்கும் விலை உண்டு. உருட்ட நேரம், கூட்ட நேரம், அட்டவணையைத் தேட நேரம். அவ்வளவு நேரமும் கதை நின்றுகொண்டிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கணக்காகத் துப்பாக்கி விதி மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே பேச வந்த விஷயம்.

அளந்து பார்க்க ஒரு நிஜச் சண்டை

நிஜம், நிஜம் என்கிறோம். எந்த நிஜம்? சினிமாத் துப்பாக்கிச் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு விதியை எடை போடுகிறவர்கள் நிறைய. நான் ஓர் உண்மைச் சண்டையை அளவுகோலாக வைத்திருக்கிறேன். 1881 அக்டோபர் 26, அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் டூம்ஸ்டோன் என்ற சுரங்க ஊர். ஓ.கே. கோரல் சண்டை என்று உலகம் முழுக்கத் தெரிந்தது. உண்மையில் அது நடந்தது அந்தக் குதிரை லாயத்துக்குள் அல்ல. கொஞ்சம் தள்ளி, ஒரு போட்டோ ஸ்டுடியோவை ஒட்டிய காலி மனையில்.

ஒரு பக்கம் ஊர்க்காவல் பொறுப்பில் இருந்த வர்ஜில், வயட், மோர்கன் என்ற மூன்று எர்ப் சகோதரர்கள், அவர்களோடு டாக் ஹாலிடே. மறுபக்கம் அவர்களோடு பகையில் இருந்த ஐக் கிளான்டன், அவன் தம்பி பில்லி, டாம், ஃபிராங்க் என்ற மெக்லாரி சகோதரர்கள், பில்லி கிளைபோர்ன். மொத்தம் ஒன்பது பேர். சண்டை தொடங்கியபோது நடுவே இருந்த தூரம் ஏழெட்டு அடி, மிஞ்சினால் பத்து அடி. ஏறக்குறைய 30 வினாடியில் சுமார் 30 தோட்டாக்கள் வெடித்தன. மூன்று பேர் செத்தார்கள், மூன்று பேருக்குக் காயம், இரண்டு பேர் ஓடிவிட்டார்கள், வயட் எர்ப் மேல் மட்டும் ஒரு கீறலும் இல்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கை நீட்டினால் தொடுகிற மாதிரியான தூரம். அப்படியும் உடலில் பட்ட காயங்களை எண்ணினால் ஒன்பது, பத்துதான் தேறும். மூன்றில் ஒரு தோட்டா பட்டது, மற்றவை காற்றோடு போயின. வயிற்றில் குண்டு வாங்கிய ஃபிராங்க் மெக்லாரி உடனே விழவில்லை. தெருவுக்கு வந்து சுட்டுக்கொண்டிருந்தான். வலது மணிக்கட்டிலும் உடம்பிலும் குண்டு வாங்கிய பில்லி கிளான்டன் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சுட்டான். இரண்டு பேரும் அன்றைக்கே செத்தார்கள்தான். ஆனால் முதல் குண்டு பட்ட நொடியில் அல்ல. ஆக, முதலில் கேட்ட அந்தக் கேள்விக்கு நிஜத்திலேயே ஒரு பதில் இருக்கிறது: குண்டு பட்டவன் சில நேரம் ஓடி வரத்தான் செய்கிறான். ஆனால் அவன் கதை அன்றைக்கே முடிந்துவிடலாம்.

கப்பலிலிருந்து வந்த கணக்கு

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, இந்த விளையாட்டு வகைக்கே தொடக்கம். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது அது. அங்கே ஓர் அடி பட்டால் பொம்மை காலி. ஆனால் ஒரு பாத்திரத்தின் மேல் பாசம் வைத்து ஆடுகிறவருக்கு ஒரே அடியில் சாவது பிடிக்குமா? ஆர்னசன் இரும்புக் கவசக் கப்பல்களின் சண்டைக்கென்று தான் முன்பு எழுதிய விதிகளிலிருந்து ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். கப்பல் மூழ்குவதற்கு முன் பல குண்டுகளைத் தாங்கும். அது போல மனிதனுக்கும் ஒரு கையிருப்பு. அதுதான் ஹிட் பாயின்ட். நாம் உயிர்ப்புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

2014-இல் வந்த டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் கேம் மாஸ்டர் நூலில், விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளத் துப்பாக்கி விதிகள் உண்டு. பழைய மஸ்கெட் (ஒவ்வொரு தரமும் மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் நீளத் துப்பாக்கி) பட்டால் ஒரு பன்னிரண்டு முகப் பகடை அளவு சேதம், சராசரி ஆறரை. ஆட ஆட அனுபவத்தால் ஏறும் படிகளில் ஐந்தாம் நிலைக்கு வந்த ஒரு போர்வீரனுக்குச் சாதாரணமாக 44 உயிர்ப்புள்ளி இருக்கும். பகடைச் சேதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏழு மஸ்கெட் குண்டுகள். டூம்ஸ்டோன் மனையில் இப்படிப்பட்ட ஒன்பது பேரை நிறுத்தினால் சண்டை முடிவதற்குள் எல்லோரிடமும் தோட்டா தீர்ந்துவிடும், ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள்.

இது தவறான விதி என்று நான் சொல்ல மாட்டேன். டிராகனை வாளால் வெட்டும் கதையில் துப்பாக்கியும் சத்தம் போடுகிற ஒரு வில்லாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் துப்பாக்கியைப் பார்த்தால் பயம் வர வேண்டிய கதையை இந்த விதியில் ஆடினால் பயம் வராது. ஏழு குண்டு தாங்குவோம் என்று தெரிந்த ஆள் ஏன் சுவருக்குப் பின்னால் ஒளியப்போகிறான்?

நுணுக்கம் கூடினால் நிஜம் கூடுமா

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. 1986-இல் வந்த ஃபீனிக்ஸ் கமாண்ட் என்ற விளையாட்டு, காலத்தை அரை வினாடித் துண்டுகளாக நறுக்கியது. தோட்டா உடலில் எங்கே நுழைந்தது, எதைத் துளைத்தது என்று பக்கம் பக்கமாக அட்டவணை. அதை எழுதினவர்களின் உழைப்பின் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. ஆனால் அந்த அட்டவணையைத் தேடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்? வரிசையும் நிரலும் பார்க்கிறார். சுடப்படுகிற மனிதன் அதைச் செய்வதில்லை.

இதைத்தான் தொடக்கத்திலேயே பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நிஜம் வேறு, நுணுக்கம் வேறு. விதியில் எத்தனை விவரம் இருக்கிறது என்பது நுணுக்கம். மேசையில் இருப்பவர் எடுக்கிற முடிவு, அந்த இடத்தில் நிற்கிற மனிதன் எடுக்கிற முடிவு போலவே இருக்கிறதா என்பது நிஜம். ஓடலாமா, பதுங்கலாமா, இன்னொரு தடவை சுட்டுப் பார்க்கலாமா, மிச்சம் இருப்பது இரண்டு தோட்டாதானே என்ற யோசனைகள் ஆட்டக்காரருக்குத் தானாக வந்தால், விதி அரைப் பக்கம் இருந்தாலும் அது நிஜமான விதி. இனி வரும் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கப்போகிறோம்.

ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி?

புதியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவது இதை. சண்டையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு தரம் செயல்பட வாய்ப்பு வந்து முடிவதுதான் ஒரு சுற்று. அது கதையில் எவ்வளவு நேரம்? பழைய அட்வான்ஸ்டு டி அண்ட் டியில் ஒரு நிமிடம். இப்போதைய டி அண்ட் டியில் 6 வினாடி. 1986-இல் வந்த கர்ப்ஸ் என்ற விளையாட்டில் ஒரே வினாடி.

ஏகே-47 நிமிடத்துக்கு 600 தோட்டா என்ற வேகத்தில் சுடும். வினாடிக்குப் பத்து. 30 தோட்டா மேகசின் மூன்றே வினாடியில் காலி. கர்ப்ஸில் அது மூன்று சுற்று. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு வைக்கலாம், குறி பார்க்க ஒரு வினாடி ஒதுக்கலாம், நிரப்ப மூன்று வினாடி ஒதுக்கலாம். விலை என்னவென்றால், கதையில் பத்து வினாடி நடக்கிற சண்டை மேசையில் ஒரு மணி நேரம் போகும். டி அண்ட் டியில் அதே துப்பாக்கி ஒரே சுற்றில் இரண்டு மேகசினைக் குடித்துவிட வேண்டும். அதனால் அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: ஒரு சரமாரிக்குப் பத்து தோட்டா போகும், பத்தடிக்குப் பத்தடி இடத்தில் நிற்கிற எல்லோரும் தப்பிக்கப் பகடை உருட்ட வேண்டும். குறி பார்த்துச் சுடுவதைவிட ஓர் இடத்தையே நனைப்பதுதான் அந்த ஆயுதத்தின் வேலை என்பதை இந்த ஒரு விதி பிடித்துவிடுகிறது.

டூம்ஸ்டோனுக்குத் திரும்புவோம். சுட்டவர்கள் ஆறு அல்லது ஏழு பேர். ஆளுக்குச் சுமார் ஐந்து தோட்டா, 30 வினாடி. அதாவது 6 வினாடிக்கு ஒரு தோட்டா. ரிவால்வர் கதைக்கு "ஒரு சுற்றுக்கு ஒரு தரம் சுடலாம்" என்ற மிக எளிய விதி நிஜத்தோடு இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் முதலில் எதிர்பார்க்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

மஸ்கெட்டில் கதை வேறு. நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று தரம் சுடுவான். ஒரு தரத்துக்கு 20 வினாடி. டி அண்ட் டியில் அது மூன்று சுற்றுக்கும் மேல். அப்படியே விதியாக எழுதினால் அந்த ஆட்டக்காரர் மூன்று முறை "மருந்து இடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். அதனால் டி அண்ட் டி ஆறு வினாடிக்கு ஒரு தரம் சுட விட்டுவிடுகிறது. பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு 2011-இல் கொண்டுவந்த துப்பாக்கி விதிகளில் நிரப்புவதற்கு ஒரு முழுச் சுற்று வரை போகும். அதைக் குறைக்க வழிகளும் வைத்தார்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. "மஸ்கெட், பழைய கைத்துப்பாக்கி எல்லாம் ஒரு சண்டைக்கு ஒரே தரம்தான் வெடிக்கும், சண்டை முடிந்த பிறகு நிரப்பிக்கொள்." இவ்வளவுதான் விதி. இதைச் சொன்ன உடனே ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சுட்டுவிட்டு வாளை உருவுவார்கள். அடுத்த சண்டைக்கு இரண்டு துப்பாக்கி வாங்குவார்கள். அப்புறம் நாலு. கடற்கொள்ளையன் பிளாக்பியர்ட் தோளில் வார் போட்டு மூன்று ஜோடி கைத்துப்பாக்கிகளைத் தொங்கவிட்டிருந்ததாக 1724-இல் வந்த புத்தகம் சொல்கிறது. அதே காரணம்தான். இருப்பதிலேயே எளிய விதி, அந்தக் காலத்து மனிதன் செய்ததையே ஆட்டக்காரரையும் செய்ய வைக்கிறது.

தோட்டாவை எண்ணுவது

எண்ண வேண்டுமா, வேண்டாமா? என் பதில்: ஆறுக்குள் இருந்தால் எண்ணுங்கள், ஆனால் தாளில் எண்ணாதீர்கள்.

தாளில் எழுதி அழிக்கிற கணக்கு யாருக்கும் நினைவிருக்காது. ரிவால்வர் வைத்திருக்கும் ஆட்டக்காரர் முன்னால் ஆறு புளியங்கொட்டையை வையுங்கள். ஒவ்வொரு தரம் சுடும்போதும் ஒன்றை எடுத்துக் கேம் மாஸ்டர் பக்கம் தள்ளட்டும். எழுத்துவேலை ஒன்றுமில்லை. கொட்டை இரண்டானதும் அவர் குரல் மாறுவதை மேசையே கேட்கும். சோழி இருந்தால் சோழி. அந்தக் காலத்து மேற்கு அமெரிக்காவில் பலர் ஆறு அறை ரிவால்வரில் ஐந்துதான் போடுவார்கள். சுத்தியல் தோட்டா மேல் இருந்தால் கீழே விழுந்தாலே வெடித்துவிடும் என்பதால். ஆறு போடுவதா ஐந்து போடுவதா என்று தொடக்கத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். செலவே இல்லாத நிஜம் இது.

முப்பது தோட்டா மேகசினுக்குப் புளியங்கொட்டை சரிப்படாது. அதற்குச் சில அழகான வழிகள் வந்திருக்கின்றன. 2016-இல் வந்த தி பிளாக் ஹாக் என்ற விளையாட்டு, தீர்ந்துபோகிற பொருளுக்கெல்லாம் ஒரு பகடையை ஒதுக்கியது. எட்டு முகத்தில் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். பயன்படுத்திய பிறகு உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் அடுத்த முறை ஆறு முகம், அப்புறம் நாலு முகம், அப்புறம் காலி. சராசரியாக ஒன்பது உருட்டல் தாங்கும். ஆனால் எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. சண்டை நடுவே எத்தனை சுட்டோம் என்று மறந்துபோன மனிதனின் நிலை அதுதானே.

ட்வைலைட்: 2000-இன் 2021 பதிப்பு வேறு வகை. சரமாரியாகச் சுடும்போது கூடுதலாகச் சில ஆறு முகப் பகடைகளை உருட்டுவீர்கள். அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவோ அத்தனை தோட்டா செலவு, அவற்றில் விழுகிற ஆறுகள் கூடுதல் பலன். பேராசைப்பட்டால் மேகசின் காலி. 2019-இல் வந்த ஏலியன் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே பதற்றத்துக்கே தனிப் பகடைகள். பயம் கூடக் கூட அந்தப் பகடைகளும் கூடும். சுடும்போது அவற்றில் 1 விழுந்தால் துப்பாக்கி காலியாகிவிட்டது. தோட்டாவை யாரும் எண்ணவில்லை. பயந்தவன் விசையை விடாமல் அழுத்திவிட்டான் என்பதைப் பகடையே சொல்லிவிடுகிறது. நான் பார்த்த தோட்டா விதிகளில் இதுதான் எனக்கு ஆகச் சிறந்தது.

காயம், பயம்

1981-இல் தொடங்கிய கால் ஆஃப் கத்துலு 1920-களில் நடக்கும் திகில் கதைகளுக்கான விளையாட்டு. பாத்திரங்கள் பேராசிரியர்கள், நிருபர்கள், மருத்துவர்கள். உயிர்ப்புள்ளி 11 போல இருக்கும், எத்தனை கதை ஆடினாலும் பெரிதாகக் கூடாது. .38 ரிவால்வர் பட்டால் ஒரு பத்து முகப் பகடை. ஏழாம் பதிப்பில், ஒரே அடியில் பாதி உயிர் போனால் பெருங்காயம். ஆள் தரையில் விழுவான், நினைவு தப்பாமல் இருக்கத் தனியாக உருட்ட வேண்டும். 11 புள்ளிக்காரருக்கு 6 முதல் 10 வரை எது விழுந்தாலும் பெருங்காயம். அதாவது பட்டால் பாதிக்குப் பாதி. இந்த விளையாட்டில் 1 முதல் 100 வரை எண் தரும் நூற்றுப் பகடையை உருட்டி, திறன் எண்ணுக்குள் விழுந்தால் வெற்றி. சுடுபவரின் திறன் 50 என்றால் 10 அல்லது அதற்குக் கீழே உருட்டும்போது தோட்டா ஆழமாகத் துளைக்கும். முழுச் சேதம் 10, அதன் மேல் இன்னொரு பகடை. அத்தோடு 11 புள்ளியும் போய்விடும். துப்பாக்கி சிக்கிக்கொள்வதற்கும் தனி உருட்டல் கிடையாது. அதே நூற்றுப் பகடையில் 100 போல மிக உயர்ந்த எண் விழுந்தால் சிக்கிவிட்டது என்று பொருள். ஏற்கெனவே உருட்டிய பகடையிலிருந்தே இன்னொரு செய்தியைப் பிழிந்தெடுக்கும் இந்த உத்தியைப் புதிதாக விதி எழுதுகிறவர்கள் கவனமாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

2016-இன் டெல்டா கிரீன் இதே உத்தியை இன்னும் நீட்டியது. சரமாரித் தாக்குதலுக்கு ஓர் உயிர்க்கொல்லி விழுக்காடு உண்டு. 10 என்று வையுங்கள். நூற்றுக்கு 10 அல்லது கீழே விழுந்தால் ஆள் செத்தான். 37 விழுந்தால் சாகவில்லை, ஆனால் 3-ஐயும் 7-ஐயும் கூட்டி 10 சேதம். ஓர் உருட்டலில் வாழ்வா சாவா என்பதும், எவ்வளவு காயம் என்பதும் தெரிந்துவிடுகிறது.

இனி பயம். பெரும்பாலான விதிகள் கோட்டை விடுகிற இடம் இது. போரில் சுடப்படும் தோட்டாக்களில் பெரும்பகுதி யார் மேலும் படுவதில்லை. எதிரியைத் தலை தூக்க விடாமல் வைப்பதே அவற்றின் வேலை. மேசையில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வரும்? விதிதான் கொண்டுவர வேண்டும். கால் ஆஃப் கத்துலுவில் தோட்டாவைத் தடுக்கவோ திருப்பி அடிக்கவோ முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: மறைவுக்குப் பாய்வது. உருட்டி ஜெயித்தால் சுடுபவருக்குக் குறி கடினமாகும். ஆனால் பாய்ந்தவர் தன் அடுத்த தாக்குதலை இழக்கிறார். அவ்வளவு சின்ன விதிதான். சுடப்படுகிறவனைச் சுடவிடாமல் செய்வதே பாதி வெற்றி என்ற உண்மை முழுதாக அதற்குள் இருக்கிறது.

எவ்வளவு கொடூரமாக விவரிப்பது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே மேசையில் இருப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். நம் மேசைகளில் ஈழப்போரைக் கடந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். துப்பாக்கிச் சத்தம் அவர்கள் வீட்டில் கதை இல்லை. காயத்தை வார்த்தையால் வரையாமல் "விழுந்துவிட்டான்" என்று மட்டும் சொல்லி நகர்வதாலும் விதியின் கனம் குறையாது.

தூரம், கவசம், துப்பாக்கி வகை மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூரத்துக்கு அருகே, நடுவே, தொலைவில் என்று மூன்று போதும். கால் ஆஃப் கத்துலுவின் ஷாட்கன் பத்து கஜத்துக்குள் நாலு ஆறு முகப் பகடை, இருபதுக்குள் இரண்டு, ஐம்பதுக்குள் ஒன்று. சிதறும் சில்லுகளின் கதையை அந்த மூன்று எண்ணே சொல்லிவிடும். கவசத்தில் ஒரு பொறி இருக்கிறது. பாத்ஃபைண்டரில் பழைய துப்பாக்கி அருகிலிருந்து சுட்டால் கவசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, கேட்கவும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அந்தக் காலத்துக் கவசக் கொல்லர்கள் மார்புக் கவசத்தைச் சுட்டுச் சோதித்து, பள்ளம் விழுந்த தடத்தையே சான்றாகக் காட்டி விற்றார்கள். நிஜமாகத் தோன்றுவதும் நிஜமும் எப்போதும் ஒன்றல்ல. துப்பாக்கி வகையில், நாற்பது கைத்துப்பாக்கிக்கு நாற்பது சேத எண் வேண்டாம். சட்டைக்குள் மறையுமா, எத்தனை தோட்டா, எவ்வளவு சத்தம் என்பவை எண்ணைவிடக் கதைக்குப் பயன்படும். சத்தம் கேட்டு யார் வருவார்கள் என்ற கேள்வி ஒன்றே பல சண்டைகளைத் தொடங்காமல் தடுத்துவிடும்.

தொடங்க ஒரு சின்ன விதித்தொகுப்பு

டூம்ஸ்டோன் போன்ற ரிவால்வர் கதைக்கு நான் வைத்துக்கொள்ளும் விதிகள் இவை. ஆறு முகப் பகடை இரண்டும் ஆளுக்கு ஆறு புளியங்கொட்டையும் போதும்.

சுடும்போது இரண்டு பகடையையும் உருட்டி, திறனைக் கூட்டுங்கள். திறன் 0, 1 அல்லது 2. எதிரி வெளியே நின்றால் 9 வேண்டும், மறைவில் இருந்தால் 11. திறன் இல்லாதவர் வெளியே நிற்பவரைச் சுட்டால் நூற்றுக்கு 28 தரம் படும், மறைவில் இருப்பவரை 8 தரம். அந்த 28, டூம்ஸ்டோனில் மூன்றில் ஒன்று பட்டதற்கு அருகே வருகிறது. 9 என்ற எண்ணை அதற்காகத்தான் எடுத்தேன். இரண்டும் 1 விழுந்தால் துப்பாக்கி சிக்கிக்கொண்டது.

பட்டால் ஒரு பகடை. 1, 2 கீறல். டாக் ஹாலிடேக்கு இடுப்பில் பட்டது போல. 3, 4, 5 பெருங்காயம்: அதன் பிறகு ஊர்ந்து போவதைத் தவிர வேறு எது செய்ய வேண்டுமானாலும் இரண்டு பகடையில் 7 வர வேண்டும், இரண்டாவது பெருங்காயம் உயிர்க்காயம். 6 விழுந்தால் நேராக உயிர்க்காயம், ஆனால் விழுவதற்கு முன் ஒரு செயல் செய்யலாம். அந்தக் கடைசிச் செயலை பில்லி கிளான்டனை நினைத்து வைத்தேன். கேம் மாஸ்டர் ஆடும் எதிரிக்கும் இது உண்டு என்பதால், "ஒருவனை வீழ்த்திவிட்டேன், இனி பயமில்லை" என்று யாரும் நிமிர்ந்து நிற்க மாட்டார்கள்.

கடைசியாகத் துணிச்சல். உங்களை நோக்கி யாராவது சுட்டுக்கொண்டிருக்கும்போது மறைவிலிருந்து வெளியே வர வேண்டுமென்றால் இரண்டு பகடையில் 7. வராவிட்டால் அந்த முறை அங்கேயே இருக்க வேண்டும், அல்லது பின்வாங்கி ஓடலாம். ஐக் கிளான்டன் ஓடினான். ஆயுதம் இல்லாத மனிதன் செய்யக்கூடிய அறிவான காரியம் அது. உங்கள் மேசையிலும் ஓடுவதற்கு வழி திறந்திருக்கட்டும், ஓடினவரைக் கேலி செய்ய வேண்டாம்.

கதையில் சேர்ப்பதற்கு முன் பெயரில்லாத நாலு பொம்மை ஆட்களை நிறுத்தி, கால் மணி நேரம் தனியாக ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் யாராவது மறைவைத் தேடுகிறார்களா என்று கவனியுங்கள். தேடவில்லை என்றால் 9-ஐ 8 ஆக்குங்கள். மூன்று சுற்றில் எல்லோரும் செத்துவிடுகிறார்கள் என்றால் காயப் பகடையில் கீறலை 3 வரை நீட்டுங்கள். ரைஃபிளும் ரிவால்வரும் ஒரே மாதிரி இருக்கிறதென்று நண்பர்கள் குறைப்பட்டால், தொலைவில் இருப்பவரை ரைஃபிளால் மட்டும்தான் சுட முடியும் என்று ஒரே ஒரு வரி சேருங்கள். அதோடு இரண்டு மூன்று வாரம் ஆடிவிட்டு, அதற்குப் பிறகும் ஏதாவது குறைகிறதா என்று கேளுங்கள்.